தரையில் நின்று பறந்தவர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்களை உருவாக்கியவரைப் பற்றிப் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். இந்தக் கல்லூரிக்குள் காலடி வைப்பதற்கு முன்பே எனக்குப் பொறியியல் சொல்லிக்கொடுத்த ஒருவர் உண்டு. என் அப்புச்சி. அம்மாவைப் பெற்றவர். படிப்பு நாலாம் வகுப்பு. ஊர் இருகூர்ப் பக்கம். ஏரோப்ளேன் என்றால் அவருக்கு உயிர்.

ஏர் ஓட்டிக்கொண்டிருப்பார். வானத்தில் இரைச்சல் கேட்டால் மாட்டை நிறுத்திவிடுவார். "இந்த மனுசனுக்குக் கழுத்துச் சுளுக்குனா வைத்தியச் செலவை ஏரோப்ளேன் கம்பெனிக்காரன்தான் குடுக்கோணும்" என்று அம்மாயி திட்டும்.

1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு தனியாக விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். அப்போது அப்புச்சிக்குப் பதினாறு வயது. ஊர் வாத்தியார் பேப்பரைப் படித்துச் சொன்னாராம். "கடுதாசியே பறக்குதாமா, நாம பறக்கக் கூடாதா?" என்று கேட்டாராம் இவர். 1940-ல் பீளமேட்டில் விமான நிலையம் வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வருவார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை கோவையில் விமானப் பழுதுபார்க்கும் பட்டறையும் சூலூரில் விமானத் தளமும் வைத்தது. அவர்கள் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது வழக்கம். கோவைக்குக் 'கருடா', சூலூருக்கு 'வைரி'. வைரி நம் காட்டில் கோழிக்குஞ்சு தூக்குகிற பறவைதான்! அப்புச்சி எடுபிடி ஆளாகச் சேர்ந்து, ஃபிட்டருக்குக் கையாளாகி, இரண்டு இடத்திலும் வேலை பார்த்தார். விமானத்துக்குள் ஏறி வேலை செய்தாரே தவிர ஒருநாளும் பறக்கவில்லை. போர் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், வேலையும் போயிற்று.

ஆனால் அங்கே படித்த இரண்டு பாடத்தை அவர் விடவில்லை. ஒன்று, லாக் வயர். விமான எஞ்சின் அதிர்வில் போல்ட் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக, அதன் தலையில் துளை போட்டு மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள். போல்ட் கழலப் பார்த்தால் கம்பி இழுத்து இறுக்கும்படி அந்தக் கட்டு இருக்க வேண்டும். மற்றொன்று, வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவது. உள்ளே மறந்துபோன ஒரு ஸ்பானர் ஒரு விமானத்தையே கவிழ்த்துவிடும். அதனால் எண்ணிக்கை சரியாகாமல் விமானத்தை விடமாட்டார்கள்.

ஊரில் சின்னதாக ஒரு பட்டறை போட்டார். ஆயில் எஞ்சின், பம்புசெட் ரிப்பேர். சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு ஸ்பானரின் உருவமும் அதில் கறுப்புப் பெயிண்டில் வரைந்திருக்கும். எது இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் இடம் காலி. எஞ்சின்காரரோ வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டு நிற்கிறார். "ஏனுங், ஒரு ஸ்பானர்தானுங்? காலையில தேடிக்கலாமுங்" என்கிறார். அப்புச்சி மசியவில்லை. லாந்தர் வெளிச்சத்தில் பூட்டிய எஞ்சினைத் திரும்பப் பிரித்தார். அடியில் கிடந்தது ஸ்பானர். ஓட்டியிருந்தால் எஞ்சின் சின்னாபின்னம்.

அன்று ராத்திரி சொன்னார்: "இது தரையில நிக்கற எஞ்சின் கண்ணு. கெட்டுப்போனா தண்ணி வராது, அவ்வளவுதான். ஆனா கைக்குப் பழக்கம் ஒண்ணுதான். மேல போறவன் உசுரு கீழ இருக்கறவன் கையில."

1961-ல் நம் கடற்படையின் 'ஹன்ஸா' தளம் சூலூரில்தான் தொடங்கியது. சீ ஹாக் ஜெட்டுகள் ஊருக்கு மேலே சீறிக்கொண்டு போகும் என்று அம்மா சொல்லும். 1964-ல் தளம் கோவாவுக்குப் போய்விட்டது. அப்புச்சிக்கு வீட்டில் யாரோ ஊரைவிட்டுப் போனதுபோல இருந்ததாம்.

அவர் ஆசை எனக்கும் ஒட்டிக்கொண்டது. படிப்பு முடித்ததும் விமானி ஆக வேண்டும் என்று விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டினேன். மருத்துவப் பரிசோதனையில் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் அப்புச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு ப்ளேன் மேல போகோணும்னா எத்தனை பேர் கீழ நிக்கோணும், கணக்குச் சொல்லு" என்றார். நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். "அதுல ஒருத்தனாப் போ" என்றார். போனேன். முப்பத்தைந்து வருஷம் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்தேன்.

1982-ல் ஜே.ஆர்.டி. தம் 78-ஆம் வயதில் பழைய லெப்பர்ட் மாத் விமானத்தில் அதே கராச்சி - பம்பாய்ப் பயணத்தைத் திரும்பவும் செய்தார். அந்தப் பேப்பர் படத்தைக் கத்தரித்துப் பட்டறையில் ஒட்டியிருந்தார் அப்புச்சி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். சம்பாதிக்க ஆரம்பித்ததும் டிக்கெட் எடுக்கிறேன் என்றேன். "அந்தக் காசுல கிணத்தைத் தோண்டு" என்று இரண்டு தடவை மறுத்தார். மூன்றாம் தடவை ஒரு நிபந்தனை போட்டார்: "போறது ஏரோப்ளேன். வர்றது நீலகிரி எக்ஸ்பிரஸ். சம்மதமா?"

1986. பீளமேட்டில் ஓடுதளத்தை நீட்டுவதற்காக நிலையத்தை மூடியிருந்த நேரம். 1987-ல்தான் திறந்தார்கள். அதுவரை பயணி விமானங்கள் எங்கிருந்து கிளம்பின தெரியுமா? சூலூரிலிருந்து! நாற்பது வருஷத்துக்கு முன் கிரீஸ் கையோடு நின்ற அதே மண்ணில், வெள்ளை வேட்டி சட்டையோடு டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். படியேறும்போது விமானத்தின் உடம்பை, மாட்டைத் தடவுகிற மாதிரி ஒரு தடவு தடவினார். ஜன்னலோர இருக்கையில் அவர். கீழே ஒரு மெக்கானிக் விமானிக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஒதுங்கினார். அப்புச்சி ஜன்னல் வழியே அந்த மெக்கானிக்குக் கும்பிடு போட்டார். அவர் பார்த்தாரோ இல்லையோ!

சென்னை போய்ச் சேரும்வரை மேகத்தைப் பார்த்ததைவிட இறக்கையைத்தான் அதிகம் பார்த்தார். காவிரி தெரிந்தபோது மட்டும் "நெம்பச் சின்னதா இருக்குது கண்ணு" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் பறந்தது அந்த ஒரு தடவைதான். 1993-ல் காலமானார்.

இன்று அதே சூலூரில் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் விமானங்கள் இருக்கின்றன. 45-ஆவது படைப்பிரிவு 2018-ல் அங்கே வந்தது. 18-ஆவது படைப்பிரிவு 2020 மே மாதம் அங்கேயே தேஜஸைப் பெற்றது. 1971 போரில் உயிர் தந்து பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் சேகோன் பணியாற்றிய பிரிவு அது. ஒவ்வொன்று மேலே எழும்பும்போதும் அதன் கீழே எத்தனையோ கைகள்.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் விமானி ஆவீர்கள். பலர் ஆகமாட்டீர்கள். விரும்பியது கிடைக்காதவனுக்கும் விரும்பியதில் ஒரு வேலை இருக்கும். அந்த வேலையைத் தேடிப் பிடியுங்கள். பிடித்த பிறகு, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்முன் ஸ்பானரை எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.