உத்தரவை முதலில் படிப்பது யார்?

(நாகர்கோவிலில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

கோட்டாறு கம்போளத்தில் மூட்டை சுமக்கும் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். வரியில் ஏதாவது மாற்றம் வந்தால், மறுநாள் காலையில் அரிசி மண்டியிலும் பலசரக்குக் கடையிலும் அதே பேச்சுத்தான் நடக்கும். எந்தச் சரக்குக்கு, எத்தனை சதவீதம், எந்தத் தேதி முதல் என்று வியாபாரி விவரமாகச் சொல்வார். நம்முடைய கூலியைப் பற்றி ஓர் உத்தரவு வந்தால் நமக்கு எப்பொழுது தெரிகிறது? பல மாதம் கழித்துத் தெரிகிறது. சில சமயம் தெரியாமலே போய்விடுகிறது. இந்த வித்தியாசம் எதனால் வந்தது என்பதைத்தான் இன்று நாம் பார்க்க வேண்டும்.

கடை வாடகைக்கு வந்த வரி

சமீபத்திய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் 9ந் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடிற்று. வரித் துறையில் பதிவு செய்யாத ஒருவரிடம் பதிவு பெற்ற வியாபாரி கடையை வாடகைக்கு எடுத்திருந்தால், வாடகைக்கு 18 சதவீத வரியை அந்த வியாபாரியே கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அக்டோபர் 10 முதல் அது அமுலுக்கு வந்தது.

பெரிய வியாபாரி இந்த வரியைத் தான் கட்டவேண்டிய மற்ற வரியில் கழித்துக்கொள்வார். ஆனால் மொத்த விற்பனையில் 1 சதவீதம் கட்டும் காம்போசிஷன் முறையில் உள்ள சிறு வியாபாரிக்கு அந்தக் கழிவு கிடையாது. மாத வாடகை 10,000 ரூபாய் என்றால் வரி 1,800 ரூபாய். ஆண்டுக்கு 21,600 ரூபாய்! அவ்வளவும் கைப்பணம்.

வணிகர் சங்கங்கள் என்ன செய்தன? இந்தக் கணக்கைப் போட்டு உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்லின. மந்திரிகளுக்கு மனு அனுப்பின. தமிழகத்தில் எதிர்ப்பு இயக்கம் நடத்தின. டிசம்பர் 21ந் தேதி கூடிய அடுத்த கவுன்சில், காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இந்த வரி வேண்டாம் என்று முடிவு செய்தது. உத்தரவு அமுலாகி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, தோழர்களே!

அவர்கள் வேலை செய்யும் விதம்

இதில் மாயமில்லை; முறையான வேலைதான் இருக்கிறது. சங்கத்தில் ஒருவருக்கு இதுவே பொறுப்பு. கெஜட்டையும் சுற்றறிக்கையையும் வந்த அன்றே பார்ப்பது அவர் வேலை. புரியாத இடத்தை ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிவார். அடுத்து, சட்ட வார்த்தையை ரூபாய்க் கணக்காக்கி எல்லா உறுப்பினருக்கும் அனுப்புவார். ஆட்சேபணை சொல்லக் கடைசித் தேதி எது என்று குறித்துவைப்பார். சந்தா ஒழுங்காக வருகிறது. ஆகவே வேலையும் ஒழுங்காக நடக்கிறது.

சிறு வியாபாரி நமக்கு விரோதியல்ல. மாதக் கடைசியில் நமக்குக் கடன் கொடுக்கிறவர் அவர்தான். பெருங் கம்பெனிக் கடைகள் வந்தால் அடி விழுவது அவருக்கும்தான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. குறைந்தபட்சக் கூலியை உயர்த்தச் சர்க்கார் நகல் உத்தரவு வெளியிட்டால், அதையும் இதே கண்தான் முதலில் படிக்கிறது. ஆட்சேபணை தெரிவிக்கச் சட்டம் இரண்டு மாதத்திற்குக் குறையாத அவகாசம் தருகிறது. அந்த அவகாசம் முதலாளிக்கு மட்டும் தரப்பட்டதல்ல, நமக்கும் உரியதுதான். 'இது போதாது, விலைவாசி இப்படி இருக்கிறது' என்று எழுதிக் கொடுக்க நமக்கும் உரிமை உண்டு. நாம் மனுக் கொடுக்காவிட்டால், அதிகாரியின் மேஜையில் ஒரு பக்கத்து மனு மட்டுமே இருக்கும். கேட்காத கூலியை யார் கொண்டுவந்து கொடுப்பார்?

நம்மால் ஆகாததா?

நாமும் சாதித்திருக்கிறோம். 2023 ஏப்ரல் 21ந் தேதி, வேலை நேரத்தை 12 மணியாக்க வழி செய்யும் தொழிற்சாலைத் திருத்த மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் அன்றே கிளம்பின. இடதுசாரிக் கட்சிகள் சபையிலேயே எதிர்த்தன. ஏப்ரல் 24ந் தேதி மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். வந்த அன்றே படித்தோம், அன்றே எதிர்த்தோம், வென்றோம்.

ஆனால் மற்றொன்றைப் பாருங்கள். மில்லில் ஆட்குறைப்புச் செய்யவோ மூடவோ சர்க்காரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி, பழைய சட்டத்தில் 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே இருந்தது. 2020ல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் அமுலில் இருக்கிறது. 250 பேர் வேலை செய்யும் நூற்பு மில்லில் நேற்று வரை இருந்த பாதுகாப்பு இன்று இல்லை. அகில இந்திய அளவில் வேலைநிறுத்தங்கள் செய்தோம், சரிதான். ஆனால் அந்த 300 என்ற எண் தன் தலைமேல் தொங்குகிறது என்று நம் மில்களில் எத்தனை தோழர்கள் அறிவார்கள்?

வயலில் வேலை செய்யும் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் பார்லிமெண்ட் ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. நாள் 125 என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் இந்த வேலை நடக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அந்த 60 நாள் எவை என்று மாநில சர்க்கார் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். பகுதிக்குப் பகுதி தனியாகவும் அறிவிக்கலாம்.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தபின் அந்த நாட்களில் எத்தனை பேருக்கு வயலில் வேலை கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். வயலிலும் வேலையில்லை, திட்டத்திலும் வேலையில்லை என்றால் அடுப்பு எப்படி எரியும்? தேதி குறிக்கப்படும் முன்பே நம் ஊர் நிலைமையை எழுதிக் கொடுக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது

ஒவ்வொரு மில் கிளையிலும், ஒவ்வொரு கிராமக் கிளையிலும் ஒரு தோழரை இந்த வேலைக்கென்று தேர்ந்தெடுப்போம். படித்த இளம் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவரே இருக்கட்டும். ஒரு நோட்டு போதும். உத்தரவு என்ன, எந்தத் தேதி, யாருக்கு எத்தனை ரூபாய், ஆட்சேபணைக்குக் கடைசி நாள் எது என்ற நாலு விஷயத்தை அதில் எழுதட்டும். குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படி நம் மாநிலத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 1ல் மாறுகிறது. நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள். கையில் வாங்கும் கூலியோடு ஒத்துப் பாருங்கள்.

மாதம் ஒரு தடவை அந்த நோட்டைக் கிளைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பூதப்பாண்டியில் பிறந்த தோழர் ஜீவாவின் காலந்தொட்டு, எழுத்தறியாதவருக்குப் பத்திரிகையைப் படித்துக் காட்டுவது நம் இயக்கத்தின் வழக்கம். சாயாக்கடைப் பெஞ்சில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்ட அந்த வழக்கத்தை, இப்பொழுது சர்க்கார் உத்தரவுக்கும் கொண்டுவருவோம்.

வியாபாரிக்குக் கடை இருக்கிறது, ஆடிட்டர் இருக்கிறார். நமக்கு இருப்பது எண்ணிக்கை. ஆனால் உத்தரவு தெரியாத ஆயிரம் பேரை ஓர் உத்தரவு தெரிந்த முதலாளி ஏமாற்றிவிடுவான். உத்தரவு தெரிந்த ஆயிரம் பேரை எவனும் ஏமாற்ற முடியாது. இந்தக் கூட்டம் கலைவதற்குள் ஒவ்வொரு கிளையும் தன் தோழரின் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.