ஒரே அளவுகோல் நீதியாகுமா?



ராணுவத்தில் சமத்துவம் என்றதும், "தரம் குறைந்துவிடாதா?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. நியாயமான கேள்விதான். போர்முனையில் ஓர் அதிகாரியின் தகுதிக்குறைவு பிறர் உயிரைப் பறித்துவிடும். அங்கே சலுகைக்கு இடமில்லை. ஆனால், தகுதியை அளக்கும் முறை நேர்மையானதுதானா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்திய ராணுவப் பெண் அதிகாரிகளின் வழக்கு இதற்கு நல்ல பாடம்.

மருத்துவ, தாதிமைப் பிரிவுகளுக்கு வெளியேயும் பெண்கள் அதிகாரிகளாகச் சேர 1992இல் வழி பிறந்தது. அவர்களுக்குக் கிடைத்தது குறுகியகாலப் பணி மட்டுமே. 5 ஆண்டு என்றிருந்த வரம்பு பின்னர் 14 ஆண்டு வரை நீண்டது. ஓய்வூதியத்துக்கோ 20 ஆண்டுச் சேவை வேண்டும். குறுகியகாலப் பணியில் சேர்ந்த ஆண்கள் நிரந்தரப் பணிக்கு மாறலாம். பெரும்பாலான பிரிவுகளில் பெண்களுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது.

டில்லி உயர் நீதிமன்றம் 2010இல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. கிராமங்களிலிருந்து வரும் வீரர்கள் பெண்ணின் தலைமையை ஏற்க மனத்தளவில் தயாராக இல்லை என்றும் வாதிட்டது. 2020 பிப்ரவரி 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, நிரந்தரப் பணிக்கு வழி திறந்தது.

பிரச்சினை அதோடு தீரவில்லை. ஆண்களுக்கு வைத்த அதே உடற்தகுதி அளவுகோலைப் பெண்களுக்கும் வைத்தார்கள். கேட்பதற்குச் சமத்துவம்தான். ஆனால், ஆண்கள் அந்தச் சோதனையைப் பணியின் 5ஆவது அல்லது 10ஆவது ஆண்டிலேயே இளம் வயதில் கடந்தவர்கள். பின்னாளில் உடல் தளர்ந்தாலும் அதற்காக அவர்கள் பதவி இழப்பதில்லை. பெண்களோ 40 வயதைத் தாண்டிய பிறகு அதே அளவுகோலுக்கு உட்பட வேண்டியிருந்தது. கதவைப் பூட்டி வைத்தவரே, "ஏன் இத்தனை தாமதம்?" என்று கேட்டதுபோல் ஆயிற்று!

ஆண்டு மதிப்பீடுகளிலும் இதே கதை. இவர்களுக்கு நிரந்தரப் பணி இல்லை என்ற நிலையில் அன்று எழுதப்பட்ட அறிக்கைகளே, பின்னர் நிரந்தரப் பணிக்கான மதிப்பெண்களாயின. வெளித்தோற்றத்தில் பொதுவான விதியும் மறைமுகப் பாகுபாடாகலாம் என்று 2021 மார்ச் 25ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தப் பெண்கள் தனிச்சலுகை கேட்கவில்லை. உரிய காலத்தில் மறுக்கப்பட்ட வாய்ப்பையே கேட்டார்கள். 2022இல் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் முதன்முறையாகச் சேர்ந்த பெண்களில் 17 பேர், 2025 மே மாதம் ஆண்களோடு அணிவகுத்துப் பயிற்சி முடித்தார்கள். தொடக்கத்திலேயே கதவைத் திறந்துவிட்டால், பின்னாளில் அளவுகோலைப் பற்றிய வழக்குக்கே வேலையில்லை.

தரத்தைக் குறைக்க வேண்டாம். தராசைச் சரிபார்த்தால் போதும்.