குடியிருப்போர் என்பவர் யார்?

(பீன்யா வட்டாரத் தமிழ் பேசும் உறுப்பினர்களின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பீன்யா தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் ஆயத்த ஆடை ஆலைகளிலும் வேலை செய்யும் நம்மில் மிகப் பலர் வாடகைக்கோ போக்கியத்துக்கோ குடியிருப்பவர்கள். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, வரிசை முழுவதற்கும் பொதுவாக ஒரு கழிப்பறை என்ற நிலையில்தான் நமது வீடுகள் உள்ளன. இந்த வீடுகள் நன்றாக இருக்கின்றன என்று எவரும் வாதிட முடியாது. ஆகவே ‘மறுமேம்பாடு’ என்ற சொல்லைக் கேட்டவுடனேயே எதிர்த்து முழங்குவது நமது வேலையன்று. 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்களே முன்னதாக வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. இடிக்க வேண்டிய கட்டடத்தை இடித்துத்தான் ஆக வேண்டும். இடித்த இடத்தில் யார் மீண்டும் குடியேறுவது என்பதே கேள்வி.

2014 மார்ச்சில் சம்பிகே ரோட்டிலிருந்து பீன்யா வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு மே மாதம் அது நாகசந்திரா வரை நீண்டது. மெட்ரோ நிலையங்களைச் சுற்றிக் கூடுதல் மாடிகள் எழுப்ப இடமளிக்க வேண்டும் என்று 2017-இல் ஒன்றிய அரசே கொள்கை வெளியிட்டுள்ளது. மேலே எத்தனை மாடி எழுப்பலாம் என்பதைப் பொறுத்தே கீழே நிலத்தின் விலை அமைகிறது. நேற்றுவரை எவரும் திரும்பிப் பாராத பழைய குடியிருப்பு திடீரென்று ‘பாழடைந்தது’ என்று அறிவிக்கப்படும்போது, பாழடைந்தது கட்டடமா, அல்லது விலை ஏறியது நிலமா என்று நாம் கேட்டாக வேண்டும்.

இதே நகரத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்காக 1990-களின் தொடக்கத்தில் மாநகராட்சி சுமார் 1,500 வீடுகளைக் கட்டியது. அரசின் பணம், அரசின் பொறியாளர்கள், அரசின் மேற்பார்வை. இருந்தும் பதினைந்து ஆண்டுகள்கூட அவை தாங்கவில்லை; தொகுதிகள் இடிந்து விழத் தொடங்கின. மற்றவற்றையும் இடித்துவிட்டு, மக்களை அங்கேயே தகரக் கொட்டகைகளில் குடியமர்த்தினார்கள். பின்னர் கருடா மால் குழுமத்தைச் சேர்ந்த மேவரிக் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துடன் மாநகராட்சி ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலத்தில் ஏறக்குறைய பாதி வணிக வளாகத்துக்கு. மீதியில் முதல் ஒதுக்கீட்டாளர்களுக்கு 1,640 வீடுகள். ஏழைகளுக்கென்று ஒதுக்கிய பொது நிலத்தின் பாதி இவ்வாறு கைமாறியது. பொது-தனியார் கூட்டு என்பது இதன் பெயர்.

2013 ஜனவரி 18 அன்று இடிப்பு இயந்திரங்கள் வந்தன. சுமார் 1,500 குடும்பங்கள், ஏறத்தாழ 5,000 பேர், சில நாட்களில் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் தலித் மக்களும் முஸ்லிம்களும் மிகுதி. தமிழ் பேசுவோர் கணிசமானோர். கோரமங்களாவின் வீடுகளில் பாத்திரம் துலக்கியவர்கள், அதன் தெருக்களைப் பெருக்கியவர்கள் அவர்கள். எதிர்த்து நின்ற பெண்களையும் துணை நின்ற செயற்பாட்டாளர்களையும் காவல்துறை கைது செய்தது. நிலத்தைச் சுற்றி வேலி எழுந்தது. வேலிக்கு வெளியே நடைபாதையில் நூற்றுக்கணக்கானோர் பல காலம் குடியிருந்தனர். இடித்த வேகத்தில் கட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாநகராட்சியின் வாதம் என்ன? ‘ஒதுக்கீடு பெற்றவர்களுக்கு வீடு தருகிறோம், இங்கே இருப்பவர்களில் பலர் ஒதுக்கீட்டாளர்கள் அல்லர்’ என்பதே. இந்த வாதத்தை நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டும். கொட்டகைகளில் இருந்தோரில் பெரும் பகுதியினர் முதல் ஒதுக்கீட்டாளர்களிடம் வாடகைக்கோ போக்கியத்துக்கோ வந்தவர்கள், அல்லது வெள்ளைத் தாளில் எழுதி விலைக்கு வாங்கியவர்கள். பட்டியலின்படி அவர்கள் அங்கே இல்லாதவர்கள். இல்லாதவர்களிடம் எதற்குக் கருத்துக் கேட்பது? அதிகாரிகளும் மக்களும் விவாதிக்க அமர்வதற்கு முன்பே, அந்த விவாதத்தில் யாருக்கு நாற்காலி என்பது முடிவாகிவிடுகிறது. சட்டத்தின் முன் தோற்றதற்கு முன்னரே ஈஜிபுரா மக்கள் பட்டியலில் தோற்றுவிட்டார்கள்.

தாராவியில் இன்று நடப்பதும் இதன் பெரிய வடிவம்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்த் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்த நம் மக்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. 2022 நவம்பரில் அதானி குழுமம் அந்தத் திட்டத்தை ஏலத்தில் எடுத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்போருக்குத் தாராவியிலேயே இலவசமாக 350 சதுர அடி வீடு. அதன்பின் 2011 தொடக்கம் வரை வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே, 2.5 லட்சம் ரூபாய் கட்டினால், வீடு. மாடியில் குடியிருப்போருக்கும் வெளியேதான், அதுவும் வாடகைத் தவணைமுறையில். ஒரே ஏணியின் கீழே இருப்பவரும் மேலே இருப்பவரும் இரண்டு வகைக் குடிமக்கள்! தேதியும் மாடியும் கொண்டு ஒரு சேரியையே வகுத்துவிட்டால், ஒன்றுபட்ட போராட்டம் அங்கே எப்படி எழும்?

அதே மும்பையில் வேறொரு அனுபவமும் உண்டு. வொர்லி, நாய்காவ், என்.எம். ஜோஷி மார்க் ஆகிய இடங்களிலுள்ள பி.டி.டி. சால்கள் 1920-களில் கட்டப்பட்டவை. 160 சதுர அடி அறைகள். பஞ்சாலைத் தொழிலாளர்களின், அம்பேத்கர் இயக்கத்தின், செங்கொடியின் கோட்டைகள். அங்கிருந்தவர்களும் உரிமையாளர்கள் அல்லர், வாடகைக்குடிகளே. ஆயினும் அவர்களுக்கு 500 சதுர அடி வீடு, அதே இடத்தில், இலவசமாக என்று முடிவாயிற்று. மாநில வீட்டுவசதி அமைப்பான மாடாவே அதைக் கட்டுகிறது. 2025 ஆகஸ்டில் வொர்லியில் 556 குடும்பங்களுக்குச் சாவி கிடைத்தது. எல்லாம் குறையின்றி நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வேலை தொடங்கியதற்கும் முதல் சாவிக்கும் இடையே எட்டாண்டுகள் ஓடின. ஆனால் பதிவு செய்த ஒப்பந்தம் கைக்கு வராமல் அறையைக் காலி செய்ய மாட்டோம் என்ற குரல் அங்கே வலுவாக எழுந்தது. பெயர் ஏட்டில் இருந்த வாடகைக்குடிகள் அவர்கள்; அந்த ஏடும் பல பத்தாண்டுகள் சங்கம் வைத்துப் போராடியதால் நிலைத்த ஏடு. தாராவிக்கும் வொர்லிக்கும் சில கிலோமீட்டர் தொலைவுதான்.

நீதிமன்றத்தை நம்பலாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வுரிமைக்குள் பிழைப்புரிமையும் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. ஆயினும் அதே தீர்ப்பு நடைபாதைவாசிகளின் வெளியேற்றத்தைத் தடுத்துவிடவில்லை. 2019-இல் அஜய் மாக்கன் வழக்கில், வெளியேற்றும் முன் கணக்கெடுப்பும் மக்களுடன் பொருளுள்ள கலந்தாலோசனையும் வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் சொன்னது. இத்தீர்ப்புகளைக் கையில் வைத்திருப்போம். ஆனால் கணக்கெடுப்பு என்று வரும்போது எந்தத் தாளில் யார் எழுதுவது என்ற இடத்துக்கே மறுபடியும் வந்து நிற்கிறோம். தமிழ்நாட்டில் 2022-இல் இயற்றிய அடுக்ககச் சட்டம் மூன்றில் இரு பங்கினர் சம்மதித்தால் பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டலாம் என்கிறது. நல்ல ஏற்பாடுதான், எனினும் அந்தக் கணக்கில் வருவோர் உரிமையாளர்கள் மட்டுமே. இருபது ஆண்டு குடியிருந்தவருக்குப் பங்கும் இல்லை, வாக்கும் இல்லை.

1872-இல் ஏங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளில், பாரிஸை ஒஸ்மான் இடித்துக் கட்டிய முறையை எடுத்துக்காட்டி, முதலாளித்துவம் இப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது என்று நிறுவினார். ஈஜிபுரா மக்களில் பலர் நகரின் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டது ஒஸ்மானை அறியாத அதிகாரிகளின் கைவண்ணம்.

இனி, பேசும் மேடை எங்கே? பெங்களூரு மாமன்றத்துக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். 2020 செப்டம்பரில் அதன் காலம் முடிந்தது. ஐந்தாண்டுகள் ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லாமல் நிர்வாகிகளைக் கொண்டே நகரம் ஆளப்பட்டது. 2025-இல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்ததும் அப்படித்தான். மக்களைக் கேட்காமல் போடும் திட்டம் என்னவாகும் என்பதற்குப் பீன்யாவே சாட்சி: 2014-இல் திறக்கப்பட்ட பசவேஸ்வரா பேருந்து நிலையம் பேருந்தும் பயணியும் இன்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தது. நமது பணத்தில்தான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தமிழர் கோரிக்கையாக எழுப்பினால், அதிகாரிக்கு வேலை எளிதாகிவிடும். ‘வெளியூர்க்காரர்கள்’ என்ற ஒரு சொல் போதும். 1991-ஐ மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2016 செப்டம்பரில் காவிரியின் பெயரால் கலவரம் மூண்டபோது ராஜகோபால் நகரில் ஊரடங்கு போடப்பட்டதை எல்லோரும் கண்டோம். அதே வரிசை வீடுகளில் வட கர்நாடகத்திலிருந்து வந்த கன்னடத் தொழிலாளியும், ராயலசீமையின் தெலுங்கரும், பீகாரிலிருந்து வந்த இளைஞரும் இருக்கிறார்கள். போக்கியப் பணம் போனால் நால்வருக்கும் போகும். ஆகவே திட்ட ஆவணங்கள் கன்னடத்தில் வேண்டும் என்பதை நாமே முதலில் கேட்போம். ஆங்கிலத்தில் மட்டும் தயாரித்து, கூட்டத்தன்று திரையில் ஓடவிட்டு, கால் மணி நேரத்தில் கருத்துக் கேட்டு முடிப்பதை ஏற்க முடியாது என்று சொல்வோம்.

போக்கியத்தைப் பற்றிச் சிலர் தயங்குகிறார்கள். மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று சேமிப்பு முழுவதையும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றி இருக்கும் குடும்பம், அந்தத் தாளை வெளியே காட்ட அஞ்சுகிறது. வீட்டுக்காரர் கோபிப்பார் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் வீடு இடிபடும் நாளில் அந்தத் தொகையைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது என்பதைத் திட்ட ஒப்பந்தத்திலேயே எழுத வைக்காவிட்டால், கட்டுநரிடம் வீட்டுக்காரர் பங்கு பெறுவார், குடித்தனக்காரர் தெருவில் நிற்பார். சிறு வீட்டுக்காரர்கள் நமது பகைவர்கள் அல்லர்; நான்கு அறை கட்டி வாடகை வாங்கும் ஓய்வுபெற்ற தொழிலாளியும் அவர்களில் உண்டு. அவர்களோடு பேசி, இரு தரப்பும் ஒன்றாக மாநகராட்சி முன் செல்வதே வழி.

எனவே, அவர்கள் கணக்கெடுக்க வரும்வரை காத்திராமல் நாமே எடுக்கிறோம். தெருத்தெருவாக, வீடு வீடாக, இரவு வேலை முடிந்து எல்லோரும் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில். உரிமையாளரா, வாடகையா, போக்கியமா, எத்தனை ஆண்டு, எத்தனை பேர், கொடுத்த முன்பணம் எவ்வளவு, எரிவாயுச் சீட்டு, பள்ளிச் சான்று, ரேஷன் அட்டை ஆகியவற்றில் எதில் இந்த முகவரி இருக்கிறது. குடும்பத்தின் முதல் பெயராகப் பெண்ணின் பெயரை எழுதுங்கள். ஆண் ஊருக்குப் போயிருந்தால் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிவிடும் பழக்கம் கணக்கெடுப்பாளர்களுக்கு உண்டு. ஒரு படி குடும்பத்திடம், ஒரு படி கிளையிடம், ஒரு படி ஒப்புகைச் சீட்டுடன் மாநகராட்சி அலுவலகத்தில். படிவம் கன்னடத்திலும் தமிழிலும் அச்சாகியுள்ளது. கிளைச் செயலாளர்கள் கூட்டம் முடிந்ததும் கட்டுகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். தெருக்களை இன்றே பிரித்துக்கொள்வோம்.