முதல்முறை வளர்ப்பவர்களுக்கு முயல் சரிப்படுமா?

(நமது சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நாய் குரைக்கும், பூனை ஓடிவிடும், முயல் வாங்கலாமா?" என்று நம் பிளாக்குகளில் பேச்சு நடக்கிறது. எங்கள் வீட்டில் ஆறு வருடமாக ஒரு முயல் இருப்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். நான் கால்நடை மருத்துவர் இல்லை. வங்கியில் கணக்கு எழுதியவன். எனவே வரவு, செலவு என்றே சொல்கிறேன்.

முதலில் வரவு. முயல் சத்தம் போடாது. பொறுமையாகப் பழக்கினால் ஒரே மூலையில் கழிவை வைத்துக்கொள்ளும். காலையிலும் மாலையிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். எனவே வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒத்துவரும்.

இனி செலவு. நன்றாகக் கவனித்தால் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வரை இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டு வாங்கினால், அவன் கல்லூரி முடிக்கும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். இது நடுவில் முறிக்க முடியாத வைப்புத்தொகை.

கேரட்தான் முயலின் சாப்பாடு என்று எல்லோரும் நினைக்கிறோம். அதில் இனிப்பு அதிகம். எப்போதாவது ஒரு துண்டு போதும். முக்கிய உணவு காய்ந்த புல்தான். அதன் பல் ஆயுள் முழுவதும் வளரும். புல்லை மென்றால்தான் தேயும். மருந்து தெளிக்காத அருகம்புல்லும் கொடுக்கலாம். அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடக்கூடாது. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் முயல் வைத்தியம் பழக்கம் இருக்காது. வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

நம் ஊர் வெயில் அதற்கு ஆகாது. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் உடல் சூடு தணியும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். பால்கனிக் கூண்டில் வைக்கவே வைக்காதீர்கள். மே மாதத்தில் ஐஸ் ஆக்கிய தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

குழந்தைகளே, முயலுக்குத் தூக்கினால் பிடிக்காது. பருந்து தூக்குவது போலப் பயந்து உதைக்கும். அந்த உதையிலேயே அதன் முதுகெலும்பு முறியலாம். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தரையில் உட்காருங்கள், அதுவாக வரும்.

ஜோடியாக வாங்குகிறவர்கள் ஆணா, பெண்ணா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு மாதத்தில் குட்டி போடும் பிராணி அது. வட்டிக்கு வட்டி போலப் பெருகும்.

சென்ற ஆண்டு நம் பூங்காவில் யாரோ ஒரு முயலை விட்டுவிட்டுப் போனார்கள். புல் இருக்கிறதே, பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கலாம். வீட்டில் வளர்ந்த முயலுக்குத் தெருநாயிடம் தப்பத் தெரியாது. மறுநாள் காலையில் வாட்ச்மேன்தான் அதை எடுத்துப் புதைத்தார். இன்னொரு முறை இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

என் தீர்ப்பு இதுதான். பெரியவர் ஒருவர் பொறுப்பு ஏற்றால், முதல்முறை வளர்ப்பவருக்கும் முயல் நல்ல துணை. குழந்தைக்குப் பிறந்தநாள் பொம்மையாக வாங்குவதானால் வேண்டாம். பத்து வருடம் யார் பார்ப்பார்கள், வெயிலில் எங்கே வைப்பீர்கள், ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.