ஆற்றோரம் ஒரு மாலை நடை

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு அழைத்து வருகிறோம். கடைகளைப் பார்க்கிறோம், பஸ் ஏறித் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை வெயில் தாழ்ந்ததும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆற்றோரமாக நடந்து பார்ப்போமே! காசு செலவில்லை.

1909-இல் எழுந்த மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலில் தொடங்கலாம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலப்பது அங்கேதான். 1857-இல் ஈயம் தேடிப் படகில் வந்த சீனத் தொழிலாளர்கள், அதற்கு மேல் படகு போகாததால் இங்கே இறங்கிக் காட்டுவழியே அம்பாங்குக்கு நடந்தார்கள். 87 பேரில் பெரும்பாலோர் காய்ச்சலில் மாண்டனர். காடு வெட்ட வந்த நம் பாட்டன்மாரை எண்ணினால், இது நமக்குப் புதிய கதையல்ல. பிழைத்தவர்களுக்கு அரிசியும் சாமானும் விற்கக் கரையில் கடைகள் வந்தன; கடைகளைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

எதிர்க்கரையில் லெபோ அம்பாங், செட்டியார்கள் கிட்டங்கி வைத்துக் கடன் கொடுத்த தெரு. கீழே சற்று நடந்தால் பாசார் செனி. முன்பு காய்கறியும் மீனும் விற்ற சந்தை அது.

ஆறு அமைதியாகத்தான் தெரியும். 1971 ஜனவரியில் இதே ஆறு நகரை மூழ்கடித்தது. 2007-இல் திறந்த சுரங்கப்பாதை, பெருவெள்ளத்தின்போது கார்களை நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் திருப்பி விடுகிறது. ஆனாலும் மாலை மழையை நம்பக்கூடாது. மலைப்பக்கம் கறுத்தால், இங்கே தூறல் இல்லாவிட்டாலும், பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு கரையைவிட்டு மேலே ஏறிவிடுவோம்.