மார்க் குறைஞ்சா வழி அடைஞ்சிடாது



வில்லியனூர், பாகூர் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்பது: "பொண்ணு பிளஸ் டூவில மார்க் கம்மி, இன்ஜினியரிங் சீட்டு வாங்க குழுக்கடன் கிடைக்குமா?"

புரோக்கரை நம்பிக் கடன் எடுக்காதீங்க. முதலில் சென்டாக்கில் விண்ணப்பிப்போம். அதில் கிடைக்கலையா? பிளஸ் டூ அறிவியல் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக 2-ஆம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.டெக். 2-ஆம் ஆண்டு. மொத்தம் 5 வருஷம்; ஒரு வருஷம்தான் கூடுதல். லாஸ்பேட்டையில் பெண்களுக்கென்றே பாலிடெக்னிக் இருக்கு. கம்ப்யூட்டர்தான் ஆசைன்னா பி.சி.ஏ. 3 வருஷம், எம்.சி.ஏ. 2 வருஷம்.

எங்கே சேர்ந்தாலும் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பாருங்க, மொத்தக் கட்டணத்தை எழுத்தில் கேளுங்க, ரசீது வாங்குங்க. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது.

எந்தப் பாடம் பிடிக்கும்னு மகளையும் கேட்போம். படிக்கப்போவது அவள்தானே!