மேசை ரம்பமும் அதன் திருகுகளும்



தச்சுப் பட்டறையிலோ, மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையிலோ புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞனுக்கு முதல் நாள் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, கையைப் பார்த்துக்கொள்!" நல்ல அறிவுரைதான், ஆனால் போதாது. கை தானாக வாளிடம் போவதில்லை. மரம் திடீரென்று துள்ளுகிறது. அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிடிப்பை இழந்து வாளின்மேல் விழுகிறது. மரம் துள்ளுமா, துள்ளாதா என்பது சுவிட்சைத் தட்டுவதற்கு முன்பே, அந்த இயந்திரத்தின் சக்கரங்களையும் திருகுகளையும் நாம் வைத்திருக்கும் நிலையைப் பொறுத்துப் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இன்று அவற்றைப் பற்றிப் பேச வந்தேன்.

மேசை ரம்பம் என்பது இரும்பு மேசை ஒன்றின் நடுப்பிளவு வழியே மேலெழுந்து சுழலும் வட்ட வாள். மரத்தை நாம் தள்ளுகிறோம். வாள் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. எவ்வளவு வேகம் என்று ஒரு சிறு கணக்குப் போடுவோம். 250 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வாளின் சுற்றளவு ஏறக்குறைய 785 மில்லிமீட்டர். அது நிமிடத்துக்கு 4,000 முறை சுழன்றால், ஒரு பல் ஒரு விநாடியில் 52 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு ஏறத்தாழ 188 கிலோமீட்டர்! வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலேயே உச்ச வேகம் 110 தான்.

வேகத்தைவிட முக்கியம் திசை. நமக்கு அருகிலுள்ள பற்கள் கீழ்நோக்கிப் பாய்ந்து மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. அவை நமக்கு நன்மையே செய்கின்றன. அப்பால், வாளின் பின்பக்கத்துப் பற்களோ கீழிருந்து மேலே எழுகின்றன. அறுபட்ட மரம் அந்தப் பின்பற்களில் சிக்கிக்கொண்டால், அவை மரத்தைத் தூக்கி, நம்மை நோக்கியே எறிந்துவிடும். இதைத்தான் பட்டறைக்காரர்கள் 'மரம் உதைக்கிறது' என்கிறார்கள். இனி நான் சொல்லப்போகும் பாகங்களில் பலவற்றுக்கும் வேலை, மரத்தை அந்தப் பின்பற்களிடம் சிக்காமல் காப்பதே.

மேசைக்கு முன்புறம் உள்ள கைச்சக்கரம் வாளை ஏற்றி இறக்கும். பல்லின் நுனி மரத்துக்கு மேல் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தெரிந்தால் போதும்; பலகை 20 மில்லிமீட்டர் கனமானால் வாளின் உயரம் 25. வாளை உயர்த்தினால் பல் செங்குத்தாக இறங்கும், அறுப்பு எளிது என்று சொல்லும் தச்சர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் தேவையின்றி வெளியே நிற்கும் ஒவ்வோர் அங்குல வாளும் விரலுக்கு விரித்த வலை என்பதால், நான் தாழ்ந்த வாளின் பக்கமே நிற்பேன்.

இரண்டாவது சக்கரம் வாளைச் சாய்க்க. செங்குத்திலிருந்து 45 பாகை வரை சாயும். அளவுகோலின் முள் காட்டுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வாளை முழு உயரத்துக்கு ஏற்றி, மூலைமட்டத்தைப் பல்லில் படாமல் தகட்டின் உடலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். சாய்த்து அறுக்கும்போது வழிகாட்டிச் சட்டம் வாள் சாயும் பக்கத்தில் இருக்கக்கூடாது. இருந்தால் மரம் சாய்ந்த வாளுக்கும் சட்டத்துக்கும் இடையே சிறைப்படும். வாள் வலப்பக்கம் சாயும் இயந்திரமானால் சட்டத்தை இடப்பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த வழிகாட்டிச் சட்டத்தைப் பட்டறையில் 'ஃபென்ஸ்' என்பார்கள். நீளவாக்கில் அறுக்கும்போது மரத்தின் ஓரம் இதை ஒட்டியே நகர்கிறது. இது வாளுக்கு இணையாக நிற்க வேண்டும். முன்னால் 100 மில்லிமீட்டர் இடைவெளி, பின்னால் 99 என்றால், போகப் போக மரம் வாளின் பின்பற்களோடு நெருக்கப்படுகிறது என்று பொருள். ஒரு மில்லிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். உதைப்புக்கு அதுவே போதும்.

சோதிக்கும் முறையும் எளிது. மின்பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மேசையில் வாளுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். வாளின் ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, அதை முன்பக்கம் கொண்டுவந்து, பள்ளத்திலிருந்து பல் வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வாளைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மீண்டும் அளந்து பாருங்கள். வெவ்வேறு பற்களை அளந்தால் தகட்டின் சிறு வளைவு நம்மை ஏமாற்றும்; அதனால்தான் அதே பல். இரண்டு அளவும் ஒன்றானால் வாள் பள்ளத்துக்கு இணை. அடுத்து வழிகாட்டிச் சட்டத்தையும் அதே பள்ளத்தை வைத்து முன்னும் பின்னும் அளந்து பூட்டுங்கள். பின்முனை மயிரிழை அகன்றிருந்தாலும் குற்றமில்லை, நெருங்கியிருக்கக்கூடாது.

சட்டம் சரியாக இருந்தும் மரம் நெரிக்கலாம். நம் ரப்பர் மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பால் வற்றி வெட்டப்பட்ட ரப்பர் மரத்தை ஒரு காலத்தில் விறகாக எரித்தோம். 1980ஆம் ஆண்டுகளிலிருந்து அது மேசை நாற்காலிக்கு உரிய மரமாக மதிப்புப் பெற்றது. ஜொகூரிலுள்ள மூவார் அத்தொழிலில் பெயர் பெற்ற ஊர். இந்த மரத்தினுள் இழுவிசை கொண்ட நார்கள் மிகுதி. அறுக்க அறுக்க அந்த இறுக்கம் அவிழ்ந்து, பிளந்த இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கி வளைந்து வாளைக் கவ்வக்கூடும்.

இதைத் தடுக்கத்தான் வாளுக்குப் பின்னால் மீன்துடுப்பு போல ஓர் எஃகுத் தகடு நிற்கிறது. பிளவுத்தகடு என்போம். அறுத்த பிளவுக்குள் அது நுழைந்து, இரு பாதிகளும் கூடிவிடாமல் பிரித்து வைக்கிறது. அதன் கனம் வாள்தகட்டின் உடலைவிட அதிகமாகவும், பற்கள் வெட்டும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். உடல் 2 மில்லிமீட்டர், வெட்டு 3 மில்லிமீட்டர் என்றால் பிளவுத்தகடு இரண்டரை. பல்லுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி 3 முதல் 8 மில்லிமீட்டருக்குள் அமையட்டும்.

வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், பல பட்டறைகளில் முதலில் கழற்றி மூலையில் போடப்படுபவை இந்தப் பிளவுத்தகடும் வாளின் காப்பு மூடியும்தாம். வேலைக்கு இடைஞ்சல் என்பார்கள். துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவனுக்கு அரை நிமிடமும் காசுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பான இயந்திரத்தைத் தருவது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. மூடி எங்கே என்று கேட்பது அடக்கமின்மை ஆகாது.

மரத்தைக் குறுக்காக அறுக்க, பள்ளத்தில் வழுக்கிச் செல்லும் கோணச்சட்டம் உண்டு. இதையும் வழிகாட்டிச் சட்டத்தையும் ஒரே அறுப்பில் சேர்த்துப் பயன்படுத்தக்கூடாது. அறுந்து விழும் சிறு துண்டு, வாளுக்கும் சட்டத்துக்கும் இடையே மாட்டிக் குண்டுபோல் பாயும். ஒரே அளவில் பல துண்டுகள் தேவையானால், வழிகாட்டிச் சட்டத்தில் வாளுக்கு வெகு முன்பாகவே ஒரு கட்டையை இறுக்கி, அதில் முட்டி அளவெடுத்துக்கொள்ளலாம். மரம் வாளைத் தொடும்போது கட்டையை விட்டு விலகியிருக்கும்.

விரலால் தள்ள முடியாத குறுகிய மரத்துக்குத் தள்ளுகோல் வேண்டும். கையுறை வேண்டாம், பல் அதைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

அமெரிக்காவில் ஸ்டீஃபன் கேஸ் என்பவர் 1999ஆம் ஆண்டில் ஓர் அமைப்பைக் கண்டுபிடித்தார். வாளில் சிறு மின்னோட்டக் குறிப்பு ஓடிக்கொண்டிருக்கும். விரல் பட்டதும் அது மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து, 5 மில்லி விநாடிக்குள் வாளை நிறுத்திவிடும். 'சாஸ்டாப்' என்னும் பெயரில் 2004 முதல் விற்பனைக்கு வந்தது. அருமையான கருவி. ஆயினும் அது விரலைத்தான் அறியும். மரம் உதைப்பதை அறியாது. அந்த இயந்திரத்திலும் சட்டம் இணையாக நிற்கத்தான் வேண்டும்.

கடைசியாக வாளை மாற்றும் முறை. நீளவாக்கில் அறுக்க 24 பற்கள் உள்ள வாளும், குறுக்காக அறுக்க 60 அல்லது 80 பற்கள் உள்ள வாளும் ஏற்றவை. பிளக்கைப் பிடுங்காமல் நட்டில் ஸ்பேனரை வைக்காதீர்கள். புதிய வாளின் பற்கள் மேலே நம்மை நோக்கி இருக்கட்டும். நட்டை இறுக்கியபின் வாளைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி, பிளவுத்தகட்டிலோ மேசைப் பிளவின் ஓரத்திலோ எங்கும் உரசவில்லை என்று கண்ட பிறகே பிளக்கைச் செருகலாம்.